வலிக்கிறதா? செவிலியர் கேட்கும் கேள்வியும் அதற்குப் பின்னால் நடப்பதும்

வயிற்றில் அறுவை சிகிச்சை முடிந்து இரண்டாம் நாள். ஒருவர் கட்டிலில் அசையாமல் மல்லாந்து படுத்திருக்கிறார். காலையில் செவிலியர் வந்து, "வலி எப்படி இருக்கிறது ஐயா?" என்று கேட்கிறார். "பரவாயில்லை சிஸ்டர்" என்கிறார் அவர். அது பொய்யில்லை, ஆடாமல் அசையாமல் கிடக்கும்வரை உண்மையிலேயே பரவாயில்லைதான். அனுபவம் குறைந்தவர் அதை அப்படியே எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். அனுபவம் உள்ளவர், "ஒரு தடவை நன்றாக இருமிக் காட்டுங்கள்" என்பார். நோயாளி இரும முயல்வார். கை தானாக வயிற்றைப் பிடிக்கும், பாதி இருமல் தொண்டையிலேயே நின்றுவிடும், முகம் சுளிக்கும். இப்போது கேட்டுப் பாருங்கள், பதில் வேறாக இருக்கும்.

ஒரு இருமலுக்கு இத்தனை முக்கியத்துவமா என்று தோன்றலாம். வயிற்றுத் தையல் வலிக்கிறவர் ஆழமாக மூச்சு இழுக்கமாட்டார். மேலோட்டமாக மூச்சு விட்டால் நுரையீரலின் அடிப்பகுதி விரியாது, சளி வெளியேறாமல் தங்கும், நிமோனியா வர வழி பிறக்கும். எழுந்து நடக்கப் பயந்தால் கால் இரத்தக் குழாய்களில் இரத்தம் உறையும்; அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. வலி இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் ஏற்றுகிறது, தூக்கத்தைக் கெடுக்கிறது, சர்க்கரை நோயாளிக்கு இரத்தச் சர்க்கரையையும் உயர்த்துகிறது. சரியாக அடக்கப்படாத கடும் வலி, புண் ஆறிய பிறகும் மாதக் கணக்கில் ஒட்டிக்கொண்டுவிடுவதும் உண்டு. ஆகவே வலியைக் குறைப்பது நோயாளிக்குக் காட்டும் இரக்கம் மட்டும் என்று நினைப்பது தவறு. அது சிகிச்சையின் ஒரு பகுதி. அந்தப் பகுதியின் பெரும்பங்கு செவிலியர் கையில் இருக்கிறது. மருத்துவர் நாளில் சில நிமிடங்களே கட்டிலருகே நிற்கிறார். இரவு இரண்டு மணிக்கு வரும் வலியைப் பார்ப்பது செவிலியர்தான்.

செவிலியர் படிப்பில் புதிதாகச் சேர்ந்தவர்களையும், நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து "இவர்கள் ஏன் திரும்பத் திரும்ப இதையே கேட்கிறார்கள்?" என்று யோசிக்கிற உறவினர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

சொல்கிறவர் சொல்வதே வலி

காய்ச்சலை அளக்க வெப்பமானி உண்டு. இரத்த அழுத்தத்துக்கு ஒரு கருவி உண்டு. வலிக்கு அப்படி எதுவும் இல்லை. எக்ஸ்ரேயில் தெரியும் எலும்பு முறிவின் அளவும் நோயாளி படும் வலியின் அளவும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. மார்கோ மெக்கஃப்ரி என்ற அமெரிக்கச் செவிலியர் 1968-இல் இதற்கு ஒரு விடை சொன்னார்: அனுபவிக்கிறவர் எதை வலி என்கிறாரோ அதுவே வலி, எப்போது இருக்கிறது என்கிறாரோ அப்போது அது இருக்கிறது. இன்றைக்கு இது எளிய உண்மைபோலத் தோன்றும். ஆனால் "இவ்வளவு சின்னப் புண்ணுக்கா இத்தனை கத்தல்?" என்ற முணுமுணுப்பு எந்த வார்டிலும் இன்னும் முழுதாக ஓய்ந்துவிடவில்லை.

சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 2020-இல் திருத்தி வெளியிட்ட வரையறையும் இதற்கு நெருக்கமானதே. உடல் திசு சேதமடைந்தபோது, சேதமடையக்கூடும் என்கிறபோது, அல்லது அதைப் போன்ற நிலையில் உண்டாகும் விரும்பத்தகாத புலன் அனுபவமும் உணர்வு அனுபவமும் சேர்ந்ததே வலி என்கிறது அது. புலன், உணர்வு என்ற இரண்டும் அதில் இருப்பதைக் கவனியுங்கள். பயமும் தனிமையும் வலியைக் கூட்டும். இதனால் வலி கற்பனை ஆகிவிடாது. ஒருவரால் பேச முடியவில்லை என்பதற்காக அவருக்கு வலி இல்லை என்று கொள்ளக்கூடாது என்றும் அந்த வரையறையோடு சேர்ந்த குறிப்புகள் சொல்கின்றன.

வலி உடலில் எப்படிப் பயணிக்கிறது என்பதைக் கொஞ்சமாவது தெரிந்துகொண்டால் செவிலியர் செய்யும் பல வேலைகளுக்குக் காரணம் புரியும். கால் பெருவிரலைக் கதவில் இடித்துக்கொண்ட நொடியை நினைத்துப் பாருங்கள். முதலில் சுரீரென்று ஒரு குத்து. ஒரு கணம் கழித்து மந்தமான, நெடுநேரம் நீடிக்கும் வலி. இரண்டும் வெவ்வேறு நரம்பு இழைகளில் வருகின்றன. முதலாவது, நொடிக்குச் சுமார் 5 முதல் 30 மீட்டர் வேகத்தில் ஓடும் மெல்லிய உறை போர்த்திய இழைகளில் வருகிறது. இரண்டாவது, உறையே இல்லாத, நொடிக்கு 2 மீட்டர்கூடத் தாண்டாத இழைகளில் ஊர்ந்து வருகிறது. இடித்த இடத்தை உடனே தேய்த்துவிடுகிறோமே, அது ஏன்? தொடு உணர்வைச் சுமக்கும் தடித்த இழைகள் தண்டுவடத்தை எட்டும்போது, வலிச் செய்தி மேலே போகும் வாசல் ஓரளவு அடைபடுகிறது. மெல்சாக், வால் என்ற இருவர் 1965-இல் முன்வைத்த இந்த 'வாசல்' கோட்பாட்டின் நுணுக்கங்கள் பின்னாளில் திருத்தப்பட்டன. அடிப்படைக் கருத்து நிலைத்துவிட்டது. மூளையிலிருந்தும் அந்த வாசலுக்குக் கட்டளை வருகிறது. அச்சம் வாசலைத் திறக்கும், நிம்மதி சாத்தும். "இப்போது ஊசி போடப்போகிறேன், கொஞ்சம் சுருக்கென்று இருக்கும், பத்து எண்ணுவதற்குள் முடிந்துவிடும்" என்று முன்கூட்டிச் சொல்வது இந்த வாசலில் கை வைக்கிற வேலைதான்.

பத்துக்கு எத்தனை?

"பூஜ்யம் என்றால் வலியே இல்லை, பத்து என்றால் உங்களால் நினைத்துப் பார்க்கக்கூடிய மிக மோசமான வலி. இப்போது எத்தனை?" மருத்துவமனையில் இருந்தவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்டிருப்பார்கள். சிலருக்கு எரிச்சலும் வந்திருக்கும். வலிக்கு மதிப்பெண் போடச் சொல்கிறார்களே என்று!

இந்த எண்ணை வைத்து ஒருவரை இன்னொருவரோடு ஒப்பிடக்கூடாது. உங்கள் ஆறும் பக்கத்துக் கட்டில்காரரின் ஆறும் ஒன்றல்ல. அதே நோயாளியின் காலை ஆறு மாலையில் மூன்றானதா, எட்டானதா என்று பார்ப்பதற்கே அது பயன்படும். படுத்திருக்கும்போது ஒரு எண், அசையும்போது ஒரு எண் என்று இரண்டு கேட்க வேண்டும். "எத்தனை இருந்தால் உங்களால் எழுந்து நடக்க முடியும்?" என்று மூன்றாவதாகவும் ஒன்று கேட்கலாம். இந்த மூன்றாவது கேள்வி பாடப்புத்தகத்தில் ஓரமாக இருக்கிறது. வார்டில் அதற்குத்தான் மதிப்பு அதிகம். பூஜ்யத்துக்குக் கொண்டுவருவது பல நேரங்களில் இயலாது, தேவையும் இல்லை. நடக்கவும் மூச்சு இழுக்கவும் தூங்கவும் முடிகிற அளவே இலக்கு.

எண்ணையே தெய்வமாக்கினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கா ஓர் உதாரணம். 1990-களின் நடுவில் அங்கே வலியை 'ஐந்தாவது உயிர்க்குறி' என்று அழைக்கத் தொடங்கினார்கள். நாடித்துடிப்பு, சுவாசம், வெப்பநிலை, இரத்த அழுத்தம் ஆகியவற்றோடு வலியையும் தவறாமல் பதிவு செய்ய வேண்டும் என்பது நல்ல எண்ணம்தான். நடைமுறையில் அது எண்ணைக் குறைத்துக் காட்டும் ஓட்டமாக மாறியது. மார்ஃபின் போன்ற அபின் வகை மருந்துகள் அளவுக்கு மீறிப் புழங்கியதற்கு இதுவும் ஒரு காரணம் என்ற விமர்சனம் எழுந்து, 2016-இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் அந்தச் சொல்லைக் கைவிடும்படி பரிந்துரைத்தது. எண் உரையாடலைத் தொடங்கி வைக்கட்டும்; மருந்தின் அளவை எண் மட்டும் முடிவு செய்யக்கூடாது.

உரையாடலில் எண்ணைவிடப் பெரிய துப்பு நோயாளி பயன்படுத்தும் சொல்லில் கிடைக்கும். இந்த விஷயத்தில் தமிழ் நமக்குக் கொடுத்திருக்கும் வசதியை நாம் போதிய அளவு பயன்படுத்துவதில்லை என்பது என் கருத்து. ஆங்கிலப் படிவத்தில் 'வலி: உண்டு' என்று டிக் செய்துவிட்டு நகர்கிறோம். நோயாளியோ குத்துகிறது, குடைகிறது, கடுக்கிறது, காந்துகிறது, பிசைகிறது, சுண்டி இழுக்கிறது, விண்விண்ணென்று தெறிக்கிறது என்று ஒரு அகராதியையே நம் முன் விரித்துவைக்கிறார்.

எரிகிறது, காந்துகிறது, ஷாக் அடிக்கிறது, எறும்பு ஊர்கிறது, மரத்துப்போன இடமே வலிக்கிறது என்றெல்லாம் ஒருவர் சொன்னால் நரம்பே பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும். அக்கி வந்து போன இடத்திலும், நீண்டகாலச் சர்க்கரை நோயில் பாதங்களிலும் இப்படி வரும். போர்வை பட்டாலே வலிக்கிறது என்பார்கள். சாதாரண வலி மாத்திரை இதற்குப் பெரிதாக உதவாது. கபாபென்டின், அமிட்ரிப்டிலின் போன்ற வேறு வகை மருந்துகளை மருத்துவர் யோசிப்பார். "எரிகிறது என்கிறார்" என்ற இரண்டு சொற்களைச் செவிலியர் மருத்துவர் காதில் போடாவிட்டால் அந்த யோசனையே தள்ளிப்போகும்.

முறுக்கிப் பிடிக்கிறது, விட்டு விட்டு வருகிறது என்றால் குடல், சிறுநீர்க்குழாய் போன்ற குழல் உறுப்புகள் இறுகிச் சுருங்குவதாக இருக்கலாம். அப்படிப்பட்டவர் ஓரிடத்தில் படுக்கமாட்டார், புரள்வார். வயிற்றின் உள்ளுறையே அழற்சி அடைந்தவரோ அசைந்தால் வலிக்கும் என்று கட்டைபோலக் கிடப்பார். சத்தம் போடுகிறவரைவிட சத்தமே போடாதவர் ஆபத்தில் இருக்கும் சந்தர்ப்பம் இது. குடைச்சல், உளைச்சல் என்பவை பெரும்பாலும் எலும்பு, மூட்டு, தசை பக்கம் நம் பார்வையைத் திருப்பும். விண்விண்ணென்று தெறிக்கும் இடத்தில் சீழ் கோக்கிறதா என்று பார்க்க வேண்டும். இவை துப்புகள்தாம், இவற்றை வைத்து நோய்க்குப் பெயர் சூட்டிவிடக்கூடாது.

இதில் ஒரு பொறியும் உண்டு. மாரடைப்பு வந்த சிலர் "வலி இல்லை" என்றே அடித்துச் சொல்வார்கள். "நெஞ்சு கனமாக இருக்கிறது, அழுத்துகிறது, அவ்வளவுதான்" என்பார்கள். அவர்கள் அகராதியில் அது வலி ஆகாது. ஆகவே "வலிக்கிறதா?" என்பதோடு நிறுத்தாமல், "ஏதாவது தொந்தரவு, பாரம், எரிச்சல், பிடிப்பு இருக்கிறதா?" என்றும் கேட்க வேண்டும். வலி தோன்றும் இடமும் ஏமாற்றும். இதயத்தின் வலி இடது கையிலோ தாடையிலோ தெரியும். வயிற்றில் வாயு நிரப்பிச் செய்யும் லேப்ராஸ்கோபி அறுவைக்குப் பிறகு தோள்பட்டை வலிக்கும். நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானம் உறுத்தப்படுவதைத் தோளின் வலியாக மூளை படித்துக்கொள்கிறது. இதை முன்பே சொல்லி வைத்தால் நோயாளி பயப்படமாட்டார்.

எங்கே, எப்போது தொடங்கியது, எது கூட்டுகிறது, எது குறைக்கிறது, வேறெங்கும் பரவுகிறதா, முன்பு எந்த மருந்து கேட்டது, இதனால் எதைச் செய்ய முடியாமல் போகிறது என்று மீதிக் கேள்விகள் இருக்கின்றன. இவற்றை மனப்பாடமாக ஒப்பிக்காமல் பேச்சோடு பேச்சாகக் கேட்கப் பழகிக்கொள்ளலாம்.

சொல்ல முடியாதவர்கள்

கைக்குழந்தைக்கு வலி தெரியாது, தெரிந்தாலும் நினைவில் நிற்காது என்ற நம்பிக்கையில் 1980-கள் வரைகூடப் பச்சிளம் குழந்தைகளுக்குப் போதுமான மயக்க மருந்து இல்லாமல் அறுவை சிகிச்சைகள் நடந்தன. கே.ஜே.எஸ். ஆனந்த் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1987-இல் வெளியிட்ட ஆய்வு, குறைமாதக் குழந்தைகளின் உடலும் அறுவையின்போது கடுமையாக எதிர்வினை காட்டுகிறது, சரியான மருந்து கொடுத்தால் அது தணிகிறது என்று காட்டிய பிறகே நிலைமை மாறத் தொடங்கியது. நம்மில் பலர் பிறந்த காலத்துச் செய்தி இது. பழங்கதை என்று ஒதுக்கிவிட முடியவில்லை.

பேசத் தெரியாத குழந்தையிடம் செவிலியர் ஐந்து விஷயங்களைப் பார்க்கிறார்: முகம், கால்கள், உடல் அசைவு, அழுகை, தூக்கிச் சமாதானப்படுத்தினால் அடங்குகிறதா என்பது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை கொடுத்துக் கூட்டினால் பத்துக்கு ஓர் எண் கிடைக்கும். மூன்று வயதுக்கு மேல், சிரிக்கும் முகத்திலிருந்து அழும் முகம்வரை வரைந்த படங்களைக் காட்டி, "உனக்கு இதில் எது?" என்று கேட்கலாம். கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகள் வேறொரு காரணத்துக்காக வலியை மறைப்பார்கள்: சொன்னால் ஊசி போடுவார்கள்! விளையாடிக்கொண்டிருக்கும் குழந்தைக்கு வலி இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. வலியை மறக்க அவர்களுக்குத் தெரிந்த வழி விளையாட்டு.

மறதி நோய் முற்றிய முதியவர் இன்னும் கடினம். அவர் அடிக்க வந்தால், சாப்பிட மறுத்தால், துணி மாற்றும்போது கையைத் தட்டிவிட்டால், 'முரண்டு பிடிக்கிறார்' என்று எழுதுவது எளிது. அமைதிப்படுத்தும் மருந்து கொடுப்பது அதைவிட எளிது. உண்மையில் இடுப்பு வலியாக இருக்கலாம், சிறுநீர் வெளியேறாமல் அடைத்துக்கொண்டிருக்கலாம். மூச்சின் போக்கு, முனகல், முகக்குறிப்பு, உடலின் இறுக்கம், தேற்றினால் தேறுகிறாரா என்பவற்றைக் கவனிக்க வேண்டும். படுத்திருக்கும்போது கவனித்தால் மட்டும் போதாது. திருப்பிப் படுக்கவைக்கும்போதும் பார்க்க வேண்டும். இங்கே உறவினர்தான் சிறந்த கருவி. "அம்மாவுக்கு வலி என்றால் புடவைத் தலைப்பைக் கசக்குவார்" என்று மகள் சொல்லும் ஒரு வரி எந்த அளவுகோலிலும் அச்சாகியிருக்காது. அதைக் குறித்து வைத்துக்கொண்டால் இரவுப் பணிக்கு வருகிறவருக்கும் உதவும்.

செயற்கைச் சுவாசத்தில் இருப்பவருக்கும் தனி அளவுகோல்கள் உண்டு. முகம், அசைவு, தசை இறுக்கம், கருவியோடு இசைந்து மூச்சு விடுகிறாரா என்று பார்ப்பார்கள். நாடித்துடிப்பு உயர்ந்திருப்பதை மட்டும் வைத்து முடிவு செய்யக்கூடாது. காய்ச்சலாலும் அது உயரும். கடும் வலியிலும் சிலருக்கு உயராமலே இருக்கும்.

மருந்து: எழுதுவது ஒருவர், நடத்துவது இன்னொருவர்

மருந்தை எழுதிக் கொடுப்பவர் மருத்துவர். எப்போது கொடுப்பது, கொடுத்தபின் என்ன ஆனது, போதாவிட்டால் யாரை எழுப்புவது என்பவை செவிலியரின் பொறுப்பு.

இதில் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது நேரம். வலி உச்சிக்கு ஏறியபின் துரத்திப் பிடிப்பது கடினம். அப்போது மருந்தும் அதிகம் வேண்டும், நேரமும் அதிகம் ஆகும். சிசிலி சாண்டர்ஸ் இதைத்தான் மாற்றிக் காட்டினார். இங்கிலாந்தில் செவிலியராகப் பயிற்சி பெற்று, முதுகு வலியால் அந்த வேலையை விட்டு மருத்துவமனைச் சமூகப் பணியாளராகி, பிறகு மருத்துவம் படித்தவர் அவர். 1967-இல் இலண்டனில், இறுதிக்கட்ட நோயாளிகளைப் பராமரிக்கும் புனித கிறிஸ்டோபர் இல்லத்தைத் தொடங்கினார். இறுதிக்கட்டப் புற்றுநோயாளிகள் வலி தாங்காமல் கேட்ட பிறகு மார்ஃபின் கொடுக்கும் வழக்கத்துக்கு மாறாக, வலி திரும்புவதற்கு முன்பே கடிகாரத்தைப் பார்த்துக் கொடுத்தார். மருந்தை எதிர்பார்த்துத் தவிக்கும் தவிப்பே அவர்களுக்கு இல்லாமல் போனது. உடல் வலியோடு மனம், உறவு, ஆன்மா பற்றிய வேதனைகளும் பின்னிக் கிடப்பதை 'முழு வலி' என்று அவர் அழைத்தார். உலக சுகாதார நிறுவனம் 1986-இல் புற்றுநோய் வலிக்கு வகுத்த மூன்று படி ஏணியும் இதே பாதையில் வந்தது: பாராசிட்டமால் போன்றவை முதல் படி, வீரியம் குறைந்த அபின் வகை மருந்துகள் இரண்டாம் படி, மார்ஃபின் போன்றவை மூன்றாம் படி. இப்போது அதைக் கட்டாய விதியாகக் கொள்வதில்லை. பொதுவான வழிகாட்டியாகவே கொள்கிறார்கள்.

புண்ணுக்கு டிரஸ்ஸிங் மாற்ற வேண்டும், பிசியோதெரபி இருக்கிறது என்றால் மாத்திரையை அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே கொடுத்துவிட வேண்டும். கட்டைப் பிரித்தபின் ஓடிப்போய் மாத்திரை எடுத்து வருவதில் யாருக்கும் பயனில்லை.

அடுத்தது திரும்பி வருவது. புதிதாக வருகிறவர்கள் அதிகம் தவறவிடுவது இதைத்தான். நரம்பு வழியாக மருந்து ஏற்றினால் 15 முதல் 30 நிமிடத்திலும், வாய்வழி கொடுத்தால் ஏறத்தாழ ஒரு மணி நேரத்திலும் மறுபடி போய்க் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் மருந்து வேலை செய்ததா, செய்யவில்லையா, அளவு மீறியதா என்று யாருக்கும் தெரியாது. குறையவில்லை என்றால் மருத்துவரைக் கூப்பிட வேண்டியது நோயாளியின் பொறுப்பல்ல.

அபின் வகை மருந்து கொடுத்தவரிடம் வலியை மட்டும் கேட்டால் போதாது. விழிப்பையும் பார்க்க வேண்டும். மூச்சு குறைவதற்கு முன்பு பெரும்பாலும் மயக்கமான உறக்கம் முதலில் கூடும். பேச்சின் நடுவிலேயே கண் சொருகுகிறவருக்கு, அவர் பத்துக்கு எட்டு என்று சொன்னாலும், அடுத்த அளவைக் கொடுக்காமல் நிறுத்தி மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். விரலில் மாட்டிய ஆக்ஸிஜன் அளவியை மட்டும் நம்ப வேண்டாம். கூடுதல் ஆக்ஸிஜன் போய்க்கொண்டிருந்தால் மூச்சு குறைந்த பிறகும் அது சிறிது நேரம் நல்ல எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். அபின் வகை மருந்தின் விளைவை முறிக்கும் நலாக்சோன் எங்கே இருக்கிறது என்பதைப் பணி தொடங்கும்போதே பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. நோயாளியே பொத்தானை அழுத்தி மருந்து ஏற்றிக்கொள்ளும் பம்ப் வைத்திருந்தால், உறவினர் அன்போடு அழுத்திவிடக்கூடாது. உறங்குகிறவரால் பொத்தானை அழுத்த முடியாது. அந்தக் கருவியின் பாதுகாப்பே அதில்தான் இருக்கிறது. தூங்குகிறவருக்காக இன்னொருவர் அழுத்தினால் அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

மலச்சிக்கலைச் சின்ன விஷயம் என்று தள்ளவேண்டாம். குமட்டல் சில நாளில் உடலுக்குப் பழகிவிடும், மலச்சிக்கல் பழகாது. மார்ஃபின் தொடங்கும் நாளிலேயே மலமிளக்கியும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் கேட்க வேண்டும். பாராசிட்டமாலில் வேறொரு கவனம் தேவை. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 4 கிராம் என்பது பொதுவான உச்சவரம்பு; உடல் எடை குறைந்தவர்களுக்கும் கல்லீரல் கெட்டவர்களுக்கும் அதைவிடக் குறைவு. சளி மாத்திரையிலும் கூட்டு மாத்திரையிலும் அது ஒளிந்திருக்கும். ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் வகையில் வயிற்றுப் புண்ணையும் சிறுநீரகத்தையும் நினைவில் கொள்ள வேண்டும்.

"மார்ஃபின் கொடுத்தால் அடிமையாகிவிடுவாரா?" என்று உறவினர்கள் கேட்பார்கள். சில செவிலியர்களும் மனத்துக்குள் கேட்டுக்கொள்வார்கள். இதில் மூன்று விஷயங்கள் குழம்பிக் கிடக்கின்றன. அதே அளவு மருந்து நாளடைவில் குறைவாக வேலை செய்வது உடலின் பழக்கம். திடீரென்று நிறுத்தினால் வியர்வை, நடுக்கம், வயிற்றுப்போக்கு வருவது உடல் அதைச் சார்ந்திருப்பதன் அடையாளம்; அளவைப் படிப்படியாகக் குறைத்தால் அதைத் தவிர்க்கலாம். கெடுதல் வருகிறது என்று தெரிந்தும் தேடித் தேடி எடுக்கத் துடிப்பதே அடிமைத்தனம். முதல் இரண்டும் யாருக்கும் வரலாம், அவை மூன்றாவதற்குச் சான்றாகா. மூன்றாவது ஆபத்து இல்லவே இல்லை என்று சொல்வதும் நேர்மையாகாது. முன்பு போதைப் பழக்கம் இருந்ததா என்று கேட்பது, தேவைப்படும் நாட்களுக்கு மட்டும் கொடுப்பது, வீட்டில் மிஞ்சிய மாத்திரையைத் திருப்பித் தரச் சொல்வது எல்லாம் அதற்காகத்தான். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே மருந்து கேட்கிறவரைக் கண்டதும் சந்தேகப்படுவதற்கு முன், அவருக்கு எழுதப்பட்ட அளவு போதவில்லையோ என்று யோசிக்கலாம்.

வலி 'நடிப்பா' என்று சோதிக்க வெறும் காய்ச்சி வடித்த நீரை மருந்து என்று சொல்லிப் போடுவது இன்னொரு பழைய கெட்ட பழக்கம். அதில் வலி குறைந்தால் எதுவும் நிரூபணமாகாது. உண்மையான வலியும் நம்பிக்கையால் தற்காலிகமாகக் குறையும். நோயாளிக்குத் தெரியவந்தால் அடுத்த ஊசியை அவர் நம்பமாட்டார், அவ்வளவுதான் நடக்கும்.

தலையணையும் பனிக்கட்டியும்

மருந்தில்லாத வழிகளை மருந்துக்குப் பதிலாக வைக்கக்கூடாது, கூடவே வைக்க வேண்டும். வயிற்றில் தையல் உள்ளவர் இருமும்போது ஒரு தலையணையைத் தையலோடு அணைத்துப் பிடித்துக்கொண்டால் பாதி பயம் போய்விடும். சுளுக்குக்கு முதலில் குளிர் ஒத்தடம், இறுகிய தசைக்கு வெந்நீர் ஒத்தடம்; உணர்ச்சி மரத்த தோலில் இரண்டும் ஆபத்து. முழங்காலுக்கடியில் ஒரு மடித்த துணி, இழுபட்டுக் கிடக்கும் டியூபைத் தளர்த்துவது, ஈரமான விரிப்பை மாற்றுவது போன்றவற்றுக்கு மருத்துவர் கையெழுத்து தேவையில்லை. பச்சிளம் குழந்தையின் குதிகாலில் இரத்தம் எடுக்கும்போது தாயின் மார்போடு தோலோடு தோலாக அணைத்துவைத்தாலோ பாலூட்டிக்கொண்டிருந்தாலோ வலி குறைகிறது என்பது ஆய்வுகளில் நன்கு நிறுவப்பட்டது. இசை, மெதுவான மூச்சு, பேச்சு எல்லாமே வாசலைச் சற்று சாத்தும். இரவில் விளக்கை அணைத்து, அளவீடுகளைச் சேர்த்து ஒரே தடவையில் எடுத்துத் தூங்கவிடுவதையும் இந்தப் பட்டியலில் நான் சேர்ப்பேன்.

அடக்கக்கூடாத வலி

சில வலிகளை அடக்குவதற்கு முன் காது கொடுத்துக் கேட்க வேண்டும். கீழ்க்கால் எலும்பு முறிந்து மாவுக்கட்டு போட்ட ஒரு இளைஞன். மாலையில் ஊசி போட்டாயிற்று, வலி குறையவில்லை. இன்னொன்றும் போட்டாயிற்று, கூடிக்கொண்டே போகிறது. முறிவுக்குப் பொருந்தாத அளவு வலி. கால் விரலை மெல்ல நீட்டினாலே அலறுகிறான். கட்டுக்குள் தசை வீங்கி, அதன் உறைக்குள் அழுத்தம் ஏறி, இரத்த ஓட்டம் தடைபடுவதன் அடையாளமாக இது இருக்கலாம். பாதத்தில் நாடி தெரிகிறதே என்று ஆறுதல் கொள்ளக்கூடாது. நாடி நிற்பது கடைசியில்தான். சில மணி நேரம் தாமதித்தால் தசை செத்துவிடும், காலே போகலாம். செவிலியர் மூன்றாவது ஊசியைத் தேடுவதற்குள் தொலைபேசியை எடுக்க வேண்டும். காலை இதய மட்டத்தில் வைக்க வேண்டும். உயர்த்தினால் இரத்த ஓட்டம் இன்னும் குறையும்.

அந்த அழைப்பில் "டாக்டர், அந்தப் பையனுக்கு வலி ஜாஸ்தியாக இருக்கிறது" என்றால், "இன்னொரு ஊசி போடுங்கள்" என்ற பதிலே வரும். "மாவுக்கட்டு போட்டு ஆறு மணி நேரம் ஆகிறது. இரண்டு முறை மருந்து கொடுத்தும் வலி ஐந்திலிருந்து ஒன்பதாகியிருக்கிறது. விரலை நீட்டினால் தாங்கமுடியவில்லை, பாதம் மரத்துப்போகிறது என்கிறான். உடனே வந்து பாருங்கள்" என்றால் அவர் படுக்கையிலிருந்து எழுந்துவிடுவார். வரவில்லையென்றால் அவருக்கு மேலிருப்பவரை அழைக்கலாம். அப்படி அழைப்பதை யாரும் வரம்பு மீறல் என்று சொல்ல முடியாது.

இவ்வளவையும் செய்துவிட்டு எழுதாமல் விட்டால், அடுத்த பணிக்கு வருகிறவருக்கு எதுவும் நடக்காததுபோலத்தான். 'வலி மருந்து கொடுக்கப்பட்டது' என்ற ஒற்றை வரி போதாது. தொடக்கத்தில் பார்த்தோமே, "பரவாயில்லை" என்றவர், அவருடைய குறிப்பேட்டில் இப்படி இருக்கலாம்:

காலை 8.10. படுத்திருக்கும்போது வலி 2, இருமும்போது 7. தையலைச் சுற்றி இழுத்துப் பிடிப்பதாகச் சொல்கிறார். ஆழ்ந்து மூச்சு இழுக்கத் தயங்குகிறார். நன்கு விழிப்புடன் இருக்கிறார், சுவாசம் நிமிடத்துக்கு 20.

8.20. எழுதப்பட்டபடி மருந்து நரம்பு வழியாகக் கொடுக்கப்பட்டது. தலையணையை அணைத்து இருமக் கற்றுக்கொடுத்தேன்.

8.45. இருமும்போது வலி 4. விழிப்பாகப் பேசுகிறார், சுவாசம் 16. இருமினார், சளி வந்தது. கட்டில் ஓரத்தில் பத்து நிமிடம் உட்கார்ந்தார்.

10.30. மகன் துணையோடு கழிவறைவரை நடந்தார். பிசியோதெரபிக்கு முன் அடுத்த மருந்து வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.